சுரங்கத்துக்கு மேலே தரை இறங்குகிறதா? லெவல் வைத்துப் பார்ப்பது எப்படி

கோதாவரிப் படுகையில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் சர்வேயராக நான் பார்த்த முதல் மழைக்காலம். கீழே கரி எடுக்க ஆரம்பித்தாயிற்று. கூரைக்கல் இன்னும் உடைந்து இறங்கவில்லை. தரை இறங்குகிறதா என்று பார்க்க மேலே நட்டிருந்த நாலு அளவுக் கட்டைகள் 14 மி.மீ. உயர்ந்திருப்பதாக லெவல் (உயர வித்தியாசம் அளக்கும் கருவி) புத்தகம் சொன்னது. "நிலம் வளருதா?" என்று கேட்டார் மேலாளர்.

வளர்ந்தது கரிசல். மழையில் ஊதும், வெயிலில் வெடிக்கும். இரண்டடி ஆழத்தில் நான் நட்ட கட்டையையும் தூக்கிவிட்டது. அதனால் கரிசலைத் தாண்டிக் கெட்டி மண் வரை குழி தோண்டி, கம்பி நிறுத்தி, அடியில் மட்டும் கான்கிரீட் போடுங்கள். மேல்பாதிக் கம்பிக்கு ஒரு பைப்பை மாட்டி, மண் ஒட்டாமல் விடுங்கள். கம்பியின் தலையை உருண்டையாக ராவிவிடுவது முக்கியம். தட்டையாக இருந்தால் ஸ்டாஃப் (கட்டை மேல் நிறுத்தி, லெவல் வழியாகப் படிக்கும் அளவுகோல்) ஒவ்வொரு முறையும் வேறு இடத்தில் உட்காரும். பேனலுக்கு (கீழே கரி எடுக்கும் பகுதிக்கு) வெகு தூரத்தில், அதே கரிசலில், அதே மாதிரி இரண்டு சாட்சிக் கட்டைகளும் நடுங்கள். அவை அசைந்தால் குற்றம் மண்ணுடையது.

கட்டை வரிசை இரண்டு வேண்டும்: பேனலின் நீளவாக்கில் ஒன்று, குறுக்கே ஒன்று. கரி 120 மீட்டர் ஆழத்தில் இருந்தால் பேனல் விளிம்புக்கு வெளியேயும் 120 மீட்டர் வரை நீட்டுங்கள். தாழ்வு விளிம்போடு நிற்காது. இடைவெளி 6 முதல் 10 மீட்டர். பெஞ்ச்மார்க்கை (ஒப்பிட்டுப் பார்க்க வைக்கும் அசையாத புள்ளியை) அதற்கும் அப்பால், முடிந்தால் பாறையில், ஒன்றுக்கு மூன்றாக வையுங்கள்.

கரி எடுக்கும் முன்பே, வேறு வேறு நாளில் இரண்டு முறை அளந்துவிடுங்கள். இதைத் தவறவிட்டால் பிறகு எதோடு ஒப்பிடுவது? வேலைமுகம் (கரி வெட்டும் இடம்) அடியில் கடக்கும்போது வாரம் ஒருமுறை, அப்புறம் மாதம் ஒருமுறை. லெவலிலிருந்து முன்னும் பின்னும் ஸ்டாஃப் வரை பார்க்கும் தூரம் சமமாக இருக்கட்டும். காலை ஒன்பதுக்குள் முடித்துவிடுங்கள். வெயில் ஏறினால் ஸ்டாஃபில் எண்கள் நெளியும்.

உயரம் மட்டும் போதாது. கட்டைக்குக் கட்டை டேப் பிடித்து நீளமும் பாருங்கள். 10 மீட்டரில் 30 மி.மீ. கூடினால் தரை மீட்டருக்கு 3 மி.மீ. நீண்டிருக்கிறது. கட்டடங்களுக்கு வழக்கமாகச் சொல்லும் வரம்பு அது. ஓட்டு வீட்டின் மண்சுவர் அதற்கு முன்பே விரிசல் விட்டுவிடும்.

செயற்கைக்கோள் போதாதா என்று கேட்பார்கள். சென்டினல்-1 என்ற ரேடார் செயற்கைக்கோள் அதே இடத்தை 12 நாளுக்கு ஒருமுறை பார்க்கிறது; கட்டடங்கள் மேல் நன்றாகவே சொல்லும். ஆனால் நெல்லும் பருத்தியும் வளரும் வயலில் தடுமாறும். இரண்டு படங்களுக்கு நடுவில் தரை பல சென்டிமீட்டர் இறங்கிவிட்டாலும் கணக்கு குழம்பும். சுற்றுவட்டாரம் முழுவதையும் பார்க்க அது, பேனலுக்கு லெவல்தான்.

அளந்து முடித்தபின் வரப்புகளில் ஒரு நடை போங்கள். ஆடு மேய்ப்பவரிடம் கேளுங்கள், வெடிப்பு அவர் கண்ணில்தான் முதலில் படும். வெடிப்பின் இரு பக்கமும் முளை அடித்து, இடைவெளியைத் தேதியோடு எழுதிக்கொண்டு, அன்றே களிமண் போட்டு அடைக்கச் சொல்லுங்கள். திறந்து கிடந்தால் மழைநீர் மட்டுமல்ல, காற்றும் உள்ளே போகும். கரி எடுத்த வெற்றிடத்தில் மிஞ்சிய கரி தானாகச் சூடேறிப் புகையத் தொடங்கும்.