வானூர்தி இரைச்சல்: மனுவை எழுதுவதும் உரிய இடத்தில் கொடுப்பதும்

மட்டக்களப்பில் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளர் நான். இரைச்சல் பற்றி முறையிட வருபவர்களிடம் முதலில் ஓர் அப்பியாசக் கொப்பியைக் கொடுப்பேன். "சத்தம் தாங்க முடியவில்லை" என்ற மனுவை எந்த அலுவலகமும் எளிதில் ஒதுக்கிவிடும். "செவ்வாய் பிற்பகல் 2.10, ஹெலிகொப்டர், வாவிப் பக்கமிருந்து தாழ்வாக வந்தது, ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பாடம் நின்றது" என்ற குறிப்பை அப்படி ஒதுக்க முடியாது.

கொப்பியை ஒரே வீட்டில் வைக்காதீர்கள். பாடசாலையில் ஒன்று, கைக்குழந்தை உள்ள வீட்டில் ஒன்று, இரவு வேலை முடிந்து பகலில் உறங்குபவரிடம் ஒன்று இருக்கட்டும். சத்தமே கேட்காத நாளையும் எழுதச் சொல்லுங்கள். அந்த நேர்மைதான் மற்றப் பக்கங்களை நம்ப வைக்கும். கைபேசிச் செயலி காட்டும் டெசிபல் அளவை ஆதாரமாக முன்வைக்க வேண்டாம், கருவிக்குக் கருவி அது மாறும். நாள் முழுவதற்குமான சராசரியைக் காட்டி உங்களை அடக்கப் பார்ப்பார்கள். அரை நிமிட இரைச்சல் சராசரியில் கரைந்துவிடும். ஆனால் உறக்கம் கலைந்தது கலைந்ததுதான். ஆகவே எத்தனை தடவை என்ற எண்ணிக்கையை விடாமல் வையுங்கள்.

அடுத்தது, எங்கே கொடுப்பது? பலர் பிரதேச சபையோடு நின்றுவிடுகிறார்கள். அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்தின்படி விமானப் போக்குவரத்தும் விமான நிலையங்களும் மத்திய அரசின் கையில் உள்ளவை. சபையின் தீர்மானத்தை இணைப்பாக வைத்து, மனுவைக் கட்டுநாயக்கவில் உள்ள சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபைக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.

கூடவே 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு விண்ணப்பம் போடுங்கள். தமிழிலேயே எழுதலாம். தகவல் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும். மறுத்தால் மேன்முறையீடு செய்யலாம். ஏறும், இறங்கும் பாதைகள் எவை, இரைச்சல் மதிப்பீடு செய்யப்பட்டதா என்று கேளுங்கள். இராணுவப் பறப்புகளையும் சிவில் பறப்புகளையும் ஒரே விண்ணப்பத்தில் கலக்காதீர்கள். தேசியப் பாதுகாப்பு என்ற காரணம் இரண்டையும் சேர்த்து மூடிவிடும்.

கோரிக்கை என்று வரும்போது "பறக்கவே கூடாது" என்று தொடங்க வேண்டாம். கொழும்புக்கு விரைவாகப் போகவேண்டிய நோயாளியும் நம்மவர்தான். சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2001இல் ஏற்றுக்கொண்ட அணுகுமுறையில் இரைச்சலைக் குறைக்க நான்கு வழிகள் உண்டு: சத்தம் குறைந்த விமானங்கள், நிலப் பயன்பாட்டுத் திட்டம், பறக்கும் முறையில் மாற்றம், தடைகள். தடையை முதல் வழியாக எடுக்கக் கூடாது என்பது அதன் நிலைப்பாடு. எனவே, பாதுகாப்பு இடம்தரும் அளவுக்குப் பாதையை வீடுகளை விட்டு வாவியின் மேலாகத் திருப்பச் சொல்லுங்கள். பரீட்சைக் காலத்தில் பயிற்சிப் பறப்புகளைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். பறக்கும் பாதைக்குக் கீழே புதிய பாடசாலைக் கட்டடத்துக்கு அனுமதி கொடுக்கும் முன் பிரதேச சபை இரைச்சலையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று கேளுங்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் உங்கள் சபை உறுப்பினரின் வீட்டுக்கே போகலாம்.