மணல் ஏறும் வீடுகளுக்கு வாக்குவம் கிளீனர் பிரஷ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாக்குவம் கிளீனர் வாங்கப் போகிறவர்கள் மோட்டாரைப் பற்றி நிறைய விசாரிக்கிறார்கள். பைப்பின் நுனியில் மாட்டுகிற பிரஷைப் பற்றி அநேகமாக யாரும் கேட்பதில்லை. குமரி மாவட்டத்து வீடுகளில் கம்பளம் என்று பார்த்தால் முன்னறையில் ஒரு துண்டு கிடக்கும், அவ்வளவுதான். மற்றபடி படிப்புரையிலிருந்து அடுக்களை வரைக்கும் வெறுந்தரை. பழைய வீடென்றால் ரெட் ஆக்சைடு, அதற்கடுத்த காலத்து வீடென்றால் மொசைக், இப்போது கட்டுவதெல்லாம் வெட்ரிஃபைட் டைலும் கிரானைட்டும். இந்தத் தரைகளில் பொருந்தாத பிரஷை ஓட்டினால் தூசு போகும், கூடவே தரையின் மினுமினுப்பும் போகும். ஒரே நாளில் தெரியாது. இரண்டு மழைக்காலம் கழிந்த பிறகு, சன்னல் வெளிச்சம் சாய்வாக விழும்போது தரையெல்லாம் மெல்லிய கோடுகளாகத் தெரியும்.

கோடு போடுவது மணல்தான். கன்னியாகுமரியிலிருந்து நீரோடி வரை கடலோரத்து ஊர்களில் செருப்பிலும் வேட்டி மடிப்பிலும் பிள்ளைகளின் பையிலும் கடல்மணல் வீட்டுக்குள் வந்துகொண்டே இருக்கும். அதிலும் மணவாளக்குறிச்சிப் பக்கத்து மணல் சாதாரண மணல் இல்லை. இல்மனைட், கார்னெட், சிர்க்கான், ரூட்டைல், மோனசைட் எல்லாம் கலந்தது. அதற்காகவே அங்கே மத்திய அரசின் அருமணல் ஆலை இயங்குகிறது. கனிமங்களின் கடினத்தைச் சொல்லும் மோஸ் அளவில் (எண் கூடக் கூடக் கடினமும் கூடும்) கார்னெட் 6.5 முதல் 7.5 வரை, சிர்க்கான் 7.5, வெள்ளை மணலில் இருக்கும் குவார்ட்ஸ் 7. மொசைக் தரையில் பதித்திருப்பது பெரும்பாலும் மார்பிள் சில்லு, அதன் கடினத்தன்மை 3 அளவில்தான். எது எதைக் கீறும் என்று இதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. வெட்ரிஃபைட் டைல் இதைவிட உறுதியானது, ஆனாலும் அதன் மேற்பளபளப்பு மணல் தேய்த்தால் மங்கும். கடலை விட்டுத் தள்ளி, கல்குளம், விளவங்கோடு பக்கம் போனால் செம்மண். பக்கத்து மனையில் வீடு கட்டினால் எம்-சாண்ட், உடைத்த கல் என்பதால் முனை கூர்மையாகவே இருக்கும். தோவாளைப் பக்கத்திலோ ஆனி ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று சன்னலைச் சாத்தினாலும் பொடியைக் கொண்டுவந்து சேர்க்கும்.

ஆகவே நம் ஊரில் ஒரு தரை பிரஷை எடைபோட ஒரே கேள்வி போதும். மணற்பருக்கை கிடந்த இடத்திலிருந்தே மேலே ஏறிப் பைப்புக்குள் போகிறதா, அல்லது பிரஷுக்கு அடியில் மாட்டி இழுபட்டுக்கொண்டே வருகிறதா? இழுபடுகிற ஒவ்வொரு பருக்கையும் தரையைத் தேய்க்கும்.

இதை மனதில் வைத்துப் பார்த்தால், பலரும் செய்கிற முதல் தவறு வாட்டைப் பார்த்து வாங்குவது. வாட் என்பது மோட்டார் எவ்வளவு மின்சாரம் எடுக்கிறது என்பதற்கான கணக்கு. தரையிலிருந்து எவ்வளவு அள்ளும் என்பதை அது சொல்லாது. ஐரோப்பிய ஒன்றியம் 2014 செப்டம்பரில் வீட்டு வாக்குவம் கிளீனர்களுக்கு 1600 வாட்டுக்குள் என்று வரம்பு வைத்து, 2017 செப்டம்பரில் அதை 900 வாட்டுக்குள் கொண்டுவந்தது. அதற்காக அங்கே யாரும் வாரியலுக்குத் திரும்பவில்லை. குறைந்த மின்சாரத்தில் காற்றை ஒழுங்காக ஓடவிடும்படி கம்பெனிகள் முனையையும் பைப்பையும் திருத்திக்கொண்டன.

இதோடு ஒட்டிய இன்னொரு தவறு, கடையில் முனையில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பது. கை ஒட்டிக்கொண்டால் “நல்ல இழுவை” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கை ஒட்டுகிற அந்த நேரத்தில் காற்று உள்ளே ஓடுவதே இல்லை. மணலைத் தூக்குவது ஓடுகிற காற்றுதான். தட்டையான அடிப்பலகை டைலோடு ஒட்டிப் பிடித்துத் தள்ள முடியாமல் நின்றால், அது சக்திக்கு அடையாளம் அல்ல, காற்று நுழைய வழி இல்லை என்பதற்கு அடையாளம். கடல்மணலில் கறுப்பாகத் தெரியும் இல்மனைட் தண்ணீரைப் போல் சுமார் 4.7 மடங்கு கனம், சாதாரண மணல் 2.65 மடங்குதான். ஆகவே கடலோர வீடுகளில் கறுப்புப் பருக்கைகள் மட்டும் கடைசிவரை தரையிலேயே கிடக்கும். அவற்றைத் தூக்க, தரைக்கும் முனைக்கும் நடுவிலுள்ள சின்ன இடைவெளியில் காற்று வேகமாகப் பாய வேண்டும். இடைவெளி அதிகமானால் வேகம் குறையும், அறவே இல்லையென்றால் காற்றே நிற்கும்.

அந்த இடைவெளியைச் சரியாக வைப்பதற்குத்தான் மயிர் வரிசை. மெஷினோடு வருகிற அகலமான முனையில் மேலே கால் வைத்து அழுத்தும் மிதி ஒன்று இருக்கும். ஒரு பக்கம் அழுத்தினால் அடியிலிருந்து மயிர் வரிசை வெளியே நீட்டும், அது தரைக்கு. மறுபக்கம் அழுத்தினால் மயிர் உள்ளே போய் வெறும் பலகை தரையில் உட்காரும், அது கம்பளத்துக்கு. மிதியில் சின்னப் படம் போட்டிருந்தாலும் பல வீடுகளில் அது பெட்டியிலிருந்து எடுத்தபடியே கம்பளப் பக்கத்தில் கிடக்கிறது. முனையைக் கையிலெடுத்துக் குப்புறக் கவிழ்த்துப் பாருங்கள். பலகையின் ஓரத்தில், குறிப்பாகத் தகடு வைத்த முனைகளில், ஒரே திசையில் ஓடும் கீறல்கள் இருந்தால் அது மயிரில்லாமல் தரையில் ஓடியிருக்கிறது. அந்தக் கீறலைப் போட்ட மணல் உங்கள் தரையிலும் போட்டிருக்கும்.

மயிர் வெளியே வந்தால் மட்டும் போதுமா என்றால், போதாது. சில பிரஷ்களில் நான்கு பக்கமும் மயிர் இடைவெளியே இல்லாமல் அடர்த்தியாக நிற்கும். தூசுக்கு அது நல்லது. பருக்கை மணலையும் சிந்திய பயறையும் அது உள்ளே விடாமல் முன்னாலேயே தள்ளிக்கொண்டு போகும். பிரஷைத் தூக்கினால் சுவரோரம் ஒரு குவியல் கிடக்கும். முன்வரிசையில் ஆங்காங்கே வெட்டு விட்டிருக்கும் பிரஷாகப் பார்த்து வாங்குங்கள். நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ கடைக்குப் போகும்போது உங்கள் வீட்டு வாசல் மணலில் ஒரு பிடியைப் பொட்டலம் கட்டிக் கொண்டுபோங்கள். கடைத்தரையில் தூவி, முன்னால் ஒரு தள்ளு, பின்னால் ஓர் இழுப்பு. முன்னே தள்ளும்போதே மணல் உள்ளே போக வேண்டும். இழுக்கும்போது மட்டும் போனால் அந்தப் பிரஷ் வேண்டாம். கடைக்காரர் வைத்திருக்கும் பேப்பர் துண்டையும் பஞ்சையும் எந்த மெஷினும் இழுக்கும், அதை வைத்து ஒன்றும் தெரியாது.

சுழலும் உருளை வைத்த பிரஷ் இப்போது எல்லா விளம்பரத்திலும் வருகிறது. இதில் இரண்டு வகை இருப்பதைக் கவனிக்காமல் வாங்குவது பெரிய தவறு. விறைப்பான நைலான் மயிர் சுருளாக நட்டது கம்பளத்துக்கானது. அதைத் தரையில் ஓட்டினால் மணலைப் பிடிப்பதற்குப் பதிலாகச் சிதறடிக்கும். பருக்கைகள் சோபா காலில் பட்டுத் தெறிக்கும் சத்தமே கேட்கும். காற்றில் சுழலும் டர்போ பிரஷ் என்றால் இழுவையில் ஒரு பங்கை அந்த உருளையே தின்றுவிடும். மற்றது, வெல்வெட் போல் மிருதுவான துணி சுற்றிய உருளை. இது தரைக்கு உண்மையிலேயே நல்லது. பொடியையும் ஒற்றி எடுக்கும், பருக்கையையும் உள்ளே தள்ளும். ஆனால் இதற்குப் பராமரிப்பு உண்டு. நீளமான தலைமுடி சுற்றிக்கொண்டால் கத்தரிக்கோலால் நறுக்கி எடுக்க வேண்டும். கழுவினால் நன்றாகக் காய வேண்டும். இடவப்பாதியிலும் ஐப்பசி மழையிலும் நம் ஊரில் துணியே காயாது, இந்த உருளை எங்கே காயும்? ஈரத்தோடு மாட்டினால் நாற்றமும் பூஞ்சையும் வரும், மணலும் சேறாக ஒட்டி அரம்போல் தேய்க்கும். மாற்று உருளை தனியாகக் கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

ரெட் ஆக்சைடு தரை உள்ளவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். காலங்காலமாகக் காலடி பட்டும் எண்ணெயும் மெழுகும் தேய்த்தும் ஏறிய வழுவழுப்பு அது. கீறினால் டைலைப் போல் ஒன்றைப் பெயர்த்து மாற்ற முடியாது, அதே நிறத்தில் ஒட்டுப் போடத் தெரிந்த கொத்தனார்களும் குறைந்துவிட்டார்கள். இந்தத் தரைக்குக் குதிரைமுடி போன்ற மிருதுவான இயற்கை மயிர் வைத்த, தரைக்கென்றே செய்த தட்டை பிரஷ்தான் ஏற்றது. நுனி விரலால் நீவிப் பார்த்தால் தெரியும்: குத்தினால் வேண்டாம், வளைந்து கொடுத்தால் வாங்கலாம். தக்கலைக்குப் பக்கத்தில் பத்மநாபபுரம் அரண்மனையின் கறுப்புத் தரையைப் பார்த்திருப்பீர்கள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே விடுவார்கள். நம் வீட்டுக்கும் அது பொருந்தும். வாசலில் மணல் உதிர்ந்தால் எந்தப் பிரஷுக்கும் பாதி வேலை மிச்சம்.

சக்கரத்தை யாரும் பார்ப்பதில்லை. பிரஷின் அடியில் உள்ள சின்னச் சக்கரங்கள் கட்டி பிளாஸ்டிக்காக இருந்தால் அதில் ஒரு பருக்கை பதிந்து போகிற வழியெல்லாம் கோடு இழுக்கும். ரப்பர் பூசியதாகவும் தடையில்லாமல் சுழல்வதாகவும் இருக்கட்டும். மயிருக்குப் பதில் கம்பளிப் பட்டை ஒட்டிய பிரஷ்கள் மரத்தரையில் நன்றாக ஓடும். மணல் வரும் வீட்டுக்கு அதைச் சொல்ல மாட்டேன், பருக்கை பட்டைக்குள் புதைந்துகொண்டால் வெளியே வராது.

ஈரம். இதில் அலட்சியம் கூடவே கூடாது. படிப்புரையில் சாரல் அடித்துக் கிடக்கும்போது உலர் மெஷினை ஓட்டினால் மோட்டார் கெடும், ஷாக் அடிக்கவும் வாய்ப்புண்டு. ஈரமும் உலர்வும் இழுக்கும் மெஷின் வைத்திருப்பவர்கள்கூட ரப்பர் பட்டை வைத்த ஈர முனையை மாட்டுவதோடு நின்றுவிடக்கூடாது. உள்ளே இருக்கும் காகிதப் பையை எடுத்துவிட்டு, கம்பெனி சொன்ன ஸ்பாஞ்ச் ஃபில்டரைப் போட வேண்டும். ஈர மணலின் மேல் அந்த ரப்பர் பட்டையை இழுப்பதும் தரையைக் கெடுக்கும். தண்ணீரை எடுத்த பிறகு தரை காயட்டும், மணலை உலர் பிரஷால் எடுங்கள், அதற்கப்புறம் மாப் போடுங்கள். முதலில் மாப் போட்டால் மணல் டைல் இடுக்கில் சேறாக இறங்கிவிடும்.

சுவரோரத்துக்கும் சன்னல் தடத்துக்கும் ஒடுக்கமான முனை போதும், ஆனால் அதன் வெறும் பிளாஸ்டிக் வாயைத் தரையில் உரசாதீர்கள். கோலப்பொடி, திருநீறு, சிமெண்ட் பொடி எல்லாம் ஃபில்டரை அடைக்கும். முனையில் தப்பில்லாமலே இழுவை குறைந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

பிரஷைத் தனியாக வாங்குகிறவர்கள் பைப்பின் அளவு தெரியாமல் ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டுத் திருப்பி அனுப்புகிறார்கள். வீட்டு மெஷின்களில் 32 மில்லிமீட்டரும் 35 மில்லிமீட்டரும்தான் அதிகம். தையல் டேப்பைப் பைப்பின் நுனியில் வெளிப்புறமாகச் சுற்றுங்கள். சுற்றளவு 10 சென்டிமீட்டர் அளவில் வந்தால் 32, 11 சென்டிமீட்டர் வந்தால் 35. பிரஷின் கழுத்து பைப்புக்கு மேலே ஏறுமா, உள்ளே நுழையுமா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் பைப்பில் கிளிக் பொத்தானோ, நுனியில் மின்சாரப் பின்னோ இருந்தால் பொதுவான பிரஷ் ஒத்துவராது, அந்தக் கம்பெனியின் பிரஷையே தேட வேண்டும். அளவு சரியில்லாமல் செலோடேப் சுற்றி மாட்டினால் அந்த இடுக்கு வழியே காற்று போகும், கறுப்பு மணல் கிடந்த இடத்திலேயே கிடக்கும்.