மொட்டை மாடியில் தற்காலிகத் துணிக்கொடி: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வாடகை வீட்டில் ஆணி அடிக்க விடமாட்டார்கள். மொட்டை மாடியோ எல்லாக் குடித்தனத்துக்கும் பொது. அதனால் துவைக்கிற அன்றைக்குக் கயிற்றைக் கட்டி, துணி காய்ந்ததும் அவிழ்த்துவிடுகிறோம். இப்படிக் கட்டும்போது நடக்கும் தவறுகளில் ஒன்று உயிரையே எடுக்கும். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

கயிறு கிடைக்காத அவசரத்தில், வீட்டு வேலையில் மிஞ்சிய கட்டுக்கம்பியைக் கொடியாகக் கட்டுவதுதான் அது. கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயரில் அந்தக் கம்பி பட்டுக்கொண்டிருந்தால், காற்றில் உரசி உரசி வயரின் மேலுறை தேயும். ஒருநாள் கம்பி முழுக்க மின்சாரம் ஏறிவிடும். ஈரத்துணியோடு வெறுங்காலில் நிற்பவர் தொட்டால் கையை எடுக்க முடியாது. பதறி ஓடி இழுப்பவருக்கும் அதே கதிதான். சர்வீஸ் வயர் மீட்டருக்கு முன்னாலேயே வருகிறது என்பதால், வீட்டு மெயினை அணைத்தாலும் அந்த மின்சாரம் நிற்காது. மின்கசிவு வந்தால் தானாக அணைக்கும் டிரிப்பர் உள்ளே இருந்தாலும் காப்பாற்றாது. கொடியைத் தொட்டதும் சுருக்கென்றால் யாரையும் கிட்டே விடாமல், மின்வாரியத்தின் மின்னகம் எண் 94987 94987-ஐ அழையுங்கள். நைலான் கயிறாகவே இருந்தாலும் மின்கம்பத்திலோ, அதைத் தாங்கும் ஸ்டே கம்பியிலோ கட்ட வேண்டாம்.

அடுத்தது, தொட்டியிலிருந்து இறங்கும் பிவிசி குழாயில் கட்டுவது. கயிறு விறைப்பாக நின்றால்தான் துணி நன்றாகக் காயும் என்று இழுத்து இழுத்துக் கட்டுகிறோம். ஐந்து மீட்டர் கயிற்றின் நடுவில் பத்து கிலோ ஈரத்துணி. கயிறு கால் மீட்டர்தான் தொய்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது ஒவ்வொரு முனையிலும் விழும் இழுவை ஏறக்குறைய ஐம்பது கிலோ! அரை மீட்டர் தொய்ய விட்டால் அது பாதியாகிவிடும். நான் முன்பு குடியிருந்த வீட்டில் இரண்டு பெட்ஷீட்டைப் போட்டதில் குழாயின் ஜாயின்ட் விட்டுப்போய், தொட்டித் தண்ணீர் முழுக்க மாடியில் ஓடியது. அன்றிலிருந்து தூணில் நீட்டிக்கொண்டிருக்கும் முறுக்குக்கம்பியில்தான் கட்டுகிறேன். கொஞ்சம் தொய்யவிட்டு, நடுவில் ஒரு கவைக்கம்பை முட்டுக் கொடுத்தால் புடவைகூடத் தரையில் புரளாது.

கிளிப் இல்லையென்று துணியைக் கைப்பிடிச் சுவரில் விரிக்கிறார்கள். சிமென்ட் சொரசொரப்பில் நூல் இழுபடும், பாசிக்கறை ஒட்டும். அதற்குப் பதிலாக, கயிற்றை இரண்டாக மடித்து முறுக்கிக் கட்டுங்கள். முறுக்கின் இடுக்கில் துணியின் முனையைச் செருகினால் சாதாரணக் காற்றுக்கு அசையாது. எங்கள் பாட்டி வீட்டில் தேங்காய்நார்க் கயிற்றில் இப்படித்தான் போடுவார்கள்.

அப்புறம், கயிற்றை ஈரத்துணியால் ஒருமுறை துடைக்காமல் வெள்ளைச் சட்டையைப் போடாதீர்கள். நடுவில் கோடு விழும். சாயத்துணியை உட்புறம் வெளியே வரும்படி திருப்பிப் போடுங்கள்.

காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு கயிற்றை மட்டும் விட்டுவருவதும் தவறுதான். இருட்டில் தொட்டியில் தண்ணீர் பார்க்க வருபவரின் கழுத்து உயரத்தில் அது நிற்கும். அவிழ்க்க முடியாத நாளில் கயிற்றின் நடுவில் ஒரு வெள்ளைத் துணியாவது கட்டித் தொங்கவிடுங்கள்.