கல்லமேட்டில் எலும்பு தேடப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் அரியலூர்ப் பக்கம் புதைபடிவம் தேடப் புதிதாக ஒரு கூட்டம் கிளம்பிவிடும். மழை மண்ணை அரித்து எதையாவது வெளியே காட்டியிருக்கும் என்ற கணக்கு சரிதான். ஆனால் போன வருடம் வந்தவர்கள் செய்த கூத்தையேதான் இந்த வருடம் வருகிறவர்களும் செய்கிறார்கள். ஒரு காலத்தில் நாங்கள் செய்ததும் அதுதான். தொப்பி, தண்ணீர், சுரங்கத்துக்குள் போக அனுமதி, இதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை.

அடுக்கு தெரியாமல் தேடுவது

அரியலூர் என்றாலே டைனோசர் என்று நினைத்து வருகிறார்கள். இங்குள்ள கிரெட்டேசியஸ் (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) பாறைகளில் பெரும்பகுதி கடலடியில் படிந்தவை. சிமெண்டுக்காக வெட்டும் கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் சிப்பிகள் குவிந்து கிடக்கும். காரை ஊர்ப் பக்கத்துப் பாறையில் அம்மோனைட்டும் பெலம்னைட்டும், அதாவது கணவாய்க்குச் சொந்தமான பழைய கடல் உயிரிகள். டைனோசர் எலும்புக்குப் பார்க்க வேண்டியது இவற்றுக்கெல்லாம் மேலே இருக்கும் கல்லமேடு அடுக்கை. கிரெட்டேசியஸின் கடைசிக் கட்டத்தில், கடல் பின்வாங்கிய இடத்தில் ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் களிமண்ணும் அது.

உருண்டையாக இருந்தால் முட்டை

இல்லை. 2020இல் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம் ஏரியில் கிடைத்து ஊரே திரண்டு பார்த்த 'முட்டை'களும் அம்மோனைட்டோடு சேர்ந்து இறுகிய உருண்டைகள்தான்.

எலும்பைக் கண்டதும் பிடுங்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும். கல்லமேட்டுக் களிமண் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும். பல கோடி ஆண்டுகள் அதற்குள் கிடந்த எலும்பில் மயிரிழை விரிசல்கள் நிறைந்திருக்கும். அந்தத் துண்டுகளைச் சேர்த்துப் பிடித்திருப்பதே சுற்றியுள்ள மண்தான். மண்ணை எடுத்தால் எலும்பும் போச்சு.

ஒருமுறை ஓடைக்கரையில் கைமுஷ்டி அளவுக்கு ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. கூட வந்த மாணவர் நான் வருவதற்குள் சுத்தியலின் பின்பக்கத்தைக் கொடுத்து நெம்பி, செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் போட்டுவிட்டார். சாயங்காலம் பிரித்தபோது கையில் வந்தது பழுப்புச் செதில்கள். எந்த எலும்பு, எந்த விலங்கு என்று கேட்கக்கூட ஒன்றும் மிஞ்சவில்லை.

அனுபவசாலிகளுக்கே இந்த மண் கருணை காட்டியதில்லை. 1987இல் ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் பெயரிட்ட புருகத்காயோசாரஸ் என்ற டைனோசர் இதே அடுக்கிலிருந்து வந்தது. முழங்காலுக்குக் கீழே இருக்கும் கணைக்கால் எலும்பு மட்டும் 2 மீட்டர் நீளம் என்றார்கள். முதலில் ஊனுண்ணி என்று எழுதப்பட்டது, பிறகு நெடுங்கழுத்துத் தாவரவுண்ணி என்று மாறியது. அந்த எலும்புகள் பொடிந்து போய்விட்டன. உலகின் மிகப் பெரிய நில விலங்குகளில் ஒன்றா என்ற வாதத்துக்குக் கையில் இருப்பது பழைய கோட்டுப் படங்களும் 2022இல் வெளியான சில புகைப்படங்களும்தான்.

அதனால் நுனி தெரிந்தால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள். முதலில் அளவுகோல் வைத்துப் படம், ஜிபிஎஸ், எந்தப் படிவில் எந்தத் திசை பார்த்துக் கிடக்கிறது என்ற குறிப்பு. எலும்பு காய்ந்த பிறகு அசிட்டோனில் கரைத்த பாரலாய்டு என்ற பிசினை நீர்க்க நீர்க்கச் சொட்டுச் சொட்டாக ஊறவிட வேண்டும். அப்புறம் சுற்றிலும் அகலமாகப் பள்ளம் தோண்டி, மண்ணோடு சேர்த்துக் காளான் குடை போல நிறுத்தி, நனைத்த டிஷ்யூ காகிதத்தை ஒட்டி, அதற்கு மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் முக்கிய சாக்குத் துணிப் பட்டைகளைச் சுற்ற வேண்டும். அது இறுகிய பிறகுதான் அடியை அறுத்துப் புரட்டலாம். மீதி மண்ணை ஆய்வகத்தில் ஊசியால் எடுத்துக்கொள்ளலாம். இவ்வளவுக்கும் நேரமில்லை என்றால் மண்ணைப் போட்டு மூடிவிட்டு, அருங்காட்சியகத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ தகவல் சொல்லுங்கள்.

ஃபெவிகால்

ஈர எலும்பில் ஊற்றாதீர்கள்.

பெரியதை மட்டும் தேடுவது

கல்லமேட்டில் கிடைத்த ஒரு சின்னப் பல் டிரூடான்டிட் என்ற சிறிய, பறவைக்கு நெருங்கிய வகை டைனோசருடையது என்று 2013இல் வெளியிட்டார்கள். அன்று இந்தியாவும் சேர்ந்திருந்த தென் கண்டங்களில் அந்த வகை அதற்கு முன் பதிவானதில்லை. அதே அடுக்கின் முதலைப் பற்கள் மடகாஸ்கரின் சிமோசூக்கஸ் என்ற பழைய முதலை இனத்தை நினைவூட்டுபவை. நடந்துகொண்டே பார்த்தால் இவை கண்ணில் படாது. களிமண்ணை மூட்டையாக எடுத்துக் காயவைத்து, தண்ணீரில் ஊறவிட்டு, மெல்லிய சல்லடையில் அலசி, மிஞ்சுவதை உருப்பெருக்கியின் கீழே புரட்ட வேண்டும். மூட்டையின் மேல் இடத்தையும் படிவையும் எழுதி ஒட்டுங்கள். ஊர்பேர் இல்லாத மூட்டையில் என்ன கிடைத்தாலும் அதை யாரும் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.