ஜெர்மன் மொழி வகுப்பில் தாக்குப்பிடிக்க: முதல் செமஸ்டருக்கு என் குறிப்புகள்

விசா வாங்குவது, ஏபிஎஸ் சான்றிதழுக்கு (நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் சான்று) விண்ணப்பிப்பது பற்றியெல்லாம் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் எழுத வந்தது அதற்கு அடுத்த கட்டம். பாடமே ஜெர்மன் மொழியில் நடக்கும் வகுப்பில் போய் உட்கார்ந்த பிறகு என்ன செய்வது? என் ஊர் கோவில்பட்டி. கோயம்புத்தூரில் பி.எஸ்சி. விவசாயம் முடித்துவிட்டு, ஜெர்மனியின் ஹாலெ நகரத்துப் பல்கலைக்கழகத்தில் பயிர் அறிவியல் முதுநிலைப் படிப்பில் சேர்ந்தேன். லைப்சிக்கிலிருந்து ரயிலில் அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் போனால் ஹாலெ.

காகித வேலைகளை முதலில் முடித்துவிடுங்கள். குடியேறிய இரண்டு வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். அதற்கு வீட்டுக்காரர் கையெழுத்திட்ட படிவம் கட்டாயம் தேவை என்பதால், சாவி வாங்கும்போதே அதையும் கேட்டு வாங்குங்கள். மருத்துவக் காப்பீடு இல்லாமல் சேர்க்கை முடியாது. விசாவுக்காக முடக்கக் கணக்கில் (மாதம் இவ்வளவுதான் என்று எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) போட்ட 11,904 யூரோ மொத்தமாகக் கைக்கு வராது, மாதம் 992 யூரோவாகத்தான் வரும். முதல் மாதம் வாடகை, முன்பணம் என்று செலவு அதிகம், அதனால் கையில் தனியாகக் கொஞ்சம் வைத்திருங்கள். சரி, இனி வகுப்புக்குப் போவோம்.

ஜெர்மன் வழிப் படிப்புகள் பெரும்பாலும் டெஸ்ட்டாஃப் என்ற ஜெர்மன் மொழித் தேர்வில் நான்கு பகுதியிலும் 4, அல்லது டிஎஸ்ஹா என்ற இன்னொரு மொழித் தேர்வில் 2-ஆம் நிலை கேட்கும். நான் கோயம்புத்தூரில் மாலை வகுப்பில் தொடங்கி, சென்னை மாக்ஸ் முல்லர் பவனில் சி1 என்ற உயர்நிலை மொழி வகுப்பை முடித்து, டெஸ்ட்டாஃப் எழுதினேன். கேட்டல் பகுதியிலும் 4 வாங்கியிருந்தேன். ஆனாலும் முதல் விரிவுரையில் பாதிகூடப் பிடிபடவில்லை. தேர்வுக்கான ஒலிப்பதிவில் பேசுபவர் நமக்காக நிறுத்தி நிறுத்திப் பேசுவார். பேராசிரியரோ கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, பாதி வாக்கியத்தில் வேறு வாக்கியம் தொடங்குவார்.

எனக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு மாற்றம்தான். ஆங்கிலம் வழியாகக் கேட்பதை நிறுத்தினேன். நாம் பள்ளியிலிருந்தே அறிவியலை ஆங்கிலத்தில் படித்தவர்கள். அதனால் காதில் விழும் ஜெர்மனை முதலில் ஆங்கிலமாக்கி, பிறகு புரிந்துகொள்ளப் பார்ப்போம். அதற்குள் வகுப்பு இரண்டு வாக்கியம் தாண்டிப் போயிருக்கும். ஜெர்மன் துணைவாக்கியத்தில் வினை கடைசியில் வரும். 'வைல் இஷ் கெஸ்டர்ன் கிராங்க் வார்' என்பதைச் சொல்லுக்குச் சொல் எடுத்தால் 'ஏனென்றால் நான் நேற்று நோயாளியாக இருந்தேன்' என்று வரும். ஆங்கிலத்தில் யோசிப்பவருக்கு இது தலைகீழ். நமக்கோ இது பழகிய வரிசை. வினைக்காகக் காத்திருப்பது தமிழ்க் காதுக்கு இயல்பான வேலை.

எதிர்மறையும் அப்படியே. 'இந்த மண்ணில், இலையுதிர் காலத்தில், தழைச்சத்து உரத்தை' என்று நீளமாகப் போய், கடைசியில்தான் 'நிஹ்ட்' (இல்லை) வந்து, 'இடுவதில்லை' என்று முடியும். முதல் வாரம் நான் அதைக் கவனிக்காமல், இடலாம் என்று குறிப்பெடுத்து வைத்தேன். தமிழிலும் 'இட' வரை கேட்டால் தெரியாது, 'லாம்' வருகிறதா 'க்கூடாது' வருகிறதா என்று கடைசி வரை கேட்டாக வேண்டும் அல்லவா? அதே பொறுமையை அங்கேயும் வையுங்கள். குறிப்பெடுக்கும்போது வலது ஓரத்தில் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு பத்தி விட்டுவிட்டு, வினையையும் 'நிஹ்ட்' என்ற சொல்லையும் மட்டும் அங்கே எழுதுங்கள். மூன்றாவது வாரத்திலிருந்து என் குறிப்புகள் எனக்கே புரியத் தொடங்கியது இந்த ஓரப் பத்தியால்தான்.

நீளமான கூட்டுச்சொற்களைக் கண்டு பயப்பட வேண்டாம். 'மண்வளம்' என்று கேட்டால், வளம் பற்றிப் பேச்சு, எதன் வளம் என்றால் மண்ணின் வளம் என்று யோசிக்காமலே புரிகிறது. 'போடன்ஃபுருக்ட்பார்கைட்' என்பதும் அதேதான்: போடன் என்றால் மண், மீதி வளம். கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு பின்னாலிருந்து முன்னால் வாருங்கள். ஒரு சொல்லுக்குத் தமிழ்ப் பொருள் உடனே தோன்றினால் அதையே எழுதுங்கள். என் நோட்டில் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்று தமிழும் ஜெர்மனும் கலந்தே கிடக்கும்.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் டெர், டீ, டாஸ் என்ற மூன்று பாலையும் தர்க்கத்தால் பிடிக்க முடியாது. மேசை ஆண்பால், சிறுமி ஆணும் பெண்ணும் அல்லாத நடுப்பால் என்று இருக்கிறது. சொல்லோடு சேர்த்தே மனப்பாடம் செய்வதுதான் வழி.

எண்கள்தான் என்னை அதிகம் படுத்தியவை. 43 என்பதை 'ட்ரை உன்ட் ஃபியர்ட்ஸிஷ்', அதாவது 'மூன்றும் நாற்பதும்' என்பார்கள். மூன்று என்று கேட்டவுடன் கை 3 எழுதிவிடும், அப்புறம் 4. ஹெக்டேருக்கு 43 கிலோ என்பது என் நோட்டில் 34 ஆனது. இதற்கு நான் கண்ட வழி: முதலில் கேட்பதை ஒன்றின் இடத்தில் எழுதிவிட்டு, இடதுபக்கம் ஓர் இலக்கத்துக்கு இடம் விடுங்கள். பேருந்தில், டிராமில் போகும்போது கண்ணில் படும் எண்களையெல்லாம் ஜெர்மனில் முணுமுணுத்துப் பழகுங்கள். இன்னொன்று, இங்கே தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. 1,5 என்றால் ஒன்றரை. 1.500 என்றால் ஆயிரத்து ஐந்நூறு. கணக்குப் போடும்போது இதை மறந்தால் விடை மொத்தமும் போச்சு.

நேரமும் அப்படித்தான். 'ஹால்ப் ட்ரை' என்றால் இரண்டரை. ஆங்கிலப் பழக்கத்தில் மூன்றரை என்று நினைத்துக்கொண்டு, ஒரு பேராசிரியரைப் பார்க்க ஒரு மணி நேரம் தாமதமாகப் போய் நின்றேன், அறை பூட்டியிருந்தது. ஹாலெ இருக்கும் கிழக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு படி மேலே போய், இரண்டேகாலை 'ஃபியர்ட்டல் ட்ரை', அதாவது மூன்றாவது மணியில் கால் பங்கு ஆகிவிட்டது என்ற பொருளில் சொல்வார்கள். சந்தேகம் இருந்தால் 14.15 என்று எண்ணாகச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அட்டவணையில் 10 மணிக்குப் பக்கத்தில் சி.டி. என்று இருந்தால் வகுப்பு 10.15-க்குத் தொடங்கும், எஸ்.டி. என்றால் சரியாக 10 மணிக்கு.

முதல் செமஸ்டரில் செய்முறை உள்ள பாடம் ஒன்றையாவது எடுங்கள். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு மொழி வந்தது வயலில்தான். நவம்பர் மாதம், விரல் விறைக்கும் குளிர். புர்க்ஹவுவர் என்று ஒரு மண் துளைக்கோல், சுமார் ஒரு மீட்டர் நீளம், ஒரு பக்கம் குடைந்த இரும்புக் கம்பி. என் கூட்டாளி அதைப் பிடித்துக்கொள்ள, நான் சுத்தியலால் அடித்து இறக்கினேன். திருகி வெளியே எடுத்ததும் அந்தக் குழிவில் மண் அடுக்கடுக்காக வந்தது, மேலே கன்னங்கரேல் என்று. எங்கள் தாத்தாவின் கரிசல் காடு கண்முன் வந்தது. 'எங்கள் ஊரிலும் மண் கறுப்பு, ஆனால் கோடையில் கால் நுழையும் அளவுக்கு வெடிக்கும்' என்று தப்பும் தவறுமான ஜெர்மனில் சொன்னேன். கூட்டாளி மண்ணை விரலால் பிசைந்துகொண்டே நான்கைந்து கேள்விகள் கேட்டாள். அடுக்கு, ஈரம், களி, மணல், வேர் என்று அன்று கைபட்ட சொல் எதுவும் இன்று வரை மறக்கவில்லை. அதே ஊரில் 1878-இல் ஜூலியஸ் கியூன் என்ற வேளாண் பேராசிரியர் தொடங்கிய வயல் ஒன்று உண்டு. அன்றிலிருந்து அங்கே ரை தானியத்தைத் திரும்பத் திரும்ப விதைத்து, உரம் போட்ட பாத்தியையும் போடாத பாத்தியையும் ஒப்பிட்டு வருகிறார்கள். விவசாயம் படிக்க வருபவர்கள் முதல் மாதமே போய்ப் பார்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்கப் பழகுவதும் முதல் வாரத்திலேயே தொடங்க வேண்டும். நாள் தள்ளத் தள்ள வாய் திறப்பது கடினம். 'க்யொனன் ஸீ தாஸ் பிட்டெ வீடர்ஹோலன்?' (அதைத் திரும்பச் சொல்ல முடியுமா?) என்ற ஒரு வரியைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்லும் அளவுக்குப் பழகுங்கள். பேராசிரியரை எப்போதும் 'ஸீ' என்று மரியாதையாக அழையுங்கள். சக மாணவர்களிடம் 'டு' போதும், அவர்களிடம் 'ஸீ' போட்டால் ஒட்டாமல் இருக்கும். விரிவுரையை ரகசியமாகப் பதிவு செய்யாதீர்கள். அனுமதி இல்லாமல் ஒருவர் பேச்சைப் பதிவது இங்கே சட்டச் சிக்கலில் கொண்டுபோய் விடும். நேரில் போய்க் கேட்டால் பலர் ஸ்லைடுகளை முன்கூட்டியே தந்துவிடுவார்கள். வகுப்பு முடிந்ததும் எல்லாரும் விரல் முட்டியால் மேசையைத் தட்டுவார்கள். அது இங்கத்திய கைதட்டல், நீங்களும் தட்டுங்கள்.

மனம் சோர்ந்த ஒரு சனிக்கிழமை ஃபிராங்கே அறக்கட்டளை வளாகத்துக்குப் போனேன். ஹாலெயில் படித்துவிட்டு 1706-இல் தரங்கம்பாடியில் போய் இறங்கிய கிறிஸ்தவ மதபோதகர் சீகன்பால்கு, அங்கே திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் எழுதித் தமிழ் கற்றவர். தரங்கம்பாடியிலிருந்து வந்த தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் அந்த வளாகத்தில் இருக்கின்றன. அன்றே நகர நூலகத்தில் குழந்தைகளுக்கான செடி, மண், பூச்சி பற்றிய படப் புத்தகங்கள் ஆறு எடுத்து வந்தேன். ஒளிச்சேர்க்கையைப் பத்து வயதுப் பிள்ளைக்குச் சொல்லும் எளிய ஜெர்மன்தான் எனக்கு வாய்மொழித் தேர்வில் வாயில் வந்தது. நீங்களும் இதைச் செய்யுங்கள், வெட்கப்பட எதுவும் இல்லை.

தேர்வுக்குத் தனியாகப் பதிய வேண்டும். வகுப்புக்கு வந்தோமே என்று இருந்துவிடாதீர்கள், கடைசித் தேதி போனால் எழுத முடியாது. தோற்றால் மீண்டும் எழுதும் வாய்ப்புக்கு எண்ணிக்கை உண்டு, எத்தனை என்று உங்கள் படிப்பின் தேர்வு விதிகளில் இருக்கும். முதல் மாதமே படித்துவிடுங்கள். தேர்வன்று காய்ச்சல் என்றால் அன்றே மருத்துவரிடம் போய்ச் சான்று வாங்கித் தேர்வு அலுவலகத்துக்கு அனுப்புங்கள். பழைய வினாத்தாள்கள் துறை மாணவர் மன்றத்தில் கிடைக்கும். வாய்மொழித் தேர்வில் கேள்வி புரியவில்லை என்றால், வேறுவிதமாகக் கேட்க முடியுமா என்று தயங்காமல் கேளுங்கள், அதற்கு மதிப்பெண் குறையாது. மதிப்பெண்ணில் 1,0 தான் உச்சம், 4,0 வரை தேர்ச்சி, 5,0 தோல்வி. வீட்டில் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். 1,7 என்று நான் சொன்னதும் போனில் அம்மாவின் குரல் இறங்கிவிட்டது, புரியவைக்கக் கால் மணி நேரம் ஆனது.

மதிப்பெண் வந்த பிறகு, திருத்திய விடைத்தாளைப் பார்க்க ஒரு நாள் அறிவிப்பார்கள். 'ஐன்ஸிஹ்ட்' என்று பெயர். தேர்ச்சி பெற்றிருந்தாலும் போங்கள். ஜெர்மன்காரர்கள் 1-ஐ மேலே நீண்ட கொக்கியோடும், 7-ஐ நடுவில் குறுக்குக் கோட்டோடும் எழுதுவார்கள். கோடில்லாத என் 7-கள் விடைத்தாளில் 1 போலத் தெரிந்திருந்தன. கணக்கின் படிகளைக் காட்டி விளக்கியதும் இரண்டு மதிப்பெண் திரும்ப வந்தது. அடையாள அட்டையும் ஒரு வெள்ளைத்தாளும் எடுத்துப் போனால் போதும். எங்கே தவறினோம் என்பதை அங்கேயே குறித்துக்கொண்டு வாருங்கள்.