புது லேப்டாப்பில் ஒட்டிவரும் ட்ரையல் ஆப்கள்: எதை நீக்கலாம், எதைத் தொடக்கூடாது?

தருமபுரி கடையில் வாங்கினாலும் ஓசூர் தாண்டி பெங்களூரு போய் வாங்கினாலும், புது விண்டோஸ் 11 லேப்டாப்பில் நீங்கள் கேட்காத ஆப்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அவற்றில் பல, அந்த ஆப் கம்பெனிகள் லேப்டாப் கம்பெனிக்குக் காசு கொடுத்து ஏற்றவைத்தவை. அதற்காக எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அழித்துவிடாதீர்கள். நீங்கள் காசு கொடுத்ததும் அதற்குள் இருக்கலாம்.

படி 1: பில்லை எடுங்கள்

பில்லிலோ பெட்டியிலோ ‘எம்எஸ்ஓ 2024’ (மைக்ரோசாஃப்ட் ஆபீஸின் சுருக்கம்) என்பதுபோல எழுதியிருக்கிறதா? அது ட்ரையல் அல்ல, அந்த லேப்டாப் உழைக்கும்வரை உங்களுடைய ஆபீஸ். வேர்டைத் திறந்து ‘பைல்’, பிறகு ‘அக்கவுண்ட்’ போங்கள். ‘ஆபீஸ் ஹோம் 2024’ என்று இருந்தால் உரிமம் உங்களுக்கு வந்துவிட்டது. ‘மைக்ரோசாஃப்ட் 365’ என்று இருந்தால் அது சந்தா. வாங்கிய ஆபீஸை ஆக்டிவேட் செய்யக் காலக்கெடு உண்டு, முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள்.

இங்கே பலர் சறுக்குவது ஒரே இடத்தில்தான். “நானே செட்டப் பண்ணித் தர்றேன் தம்பி” என்று கடைக்காரர் அவருடைய மெயில் ஐடியைப் போட்டால், ஆபீஸ் உரிமம் அந்த ஐடியோடு ஒட்டிக்கொள்ளும். டிஸ்க்கைப் பூட்டும் பிட்லாக்கரின் ரெக்கவரி கீயும் அங்கேதான் போகும். நாளைக்கு லேப்டாப் அந்தக் கீயைக் கேட்டு நின்றால் நீங்கள் கடைக்கு ஓட வேண்டும். உங்கள் மெயிலில் நீங்களே செட்டப் செய்யுங்கள்.

படி 2: ஹாட்ஸ்பாட்டை ‘மீட்டர்டு’ ஆக்குங்கள்

பென்னாகரம், அரூர் பக்கம் போன் ஹாட்ஸ்பாட்டில் ஓட்டுபவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம். ‘செட்டிங்ஸ்’, ‘நெட்வொர்க் & இன்டர்நெட்’, ‘வைஃபை’ போய், உங்கள் ஹாட்ஸ்பாட்டின் ப்ராபர்ட்டீஸில் ‘மீட்டர்டு கனெக்‌ஷன்’ ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் பின்னணியில் இறங்கும் அப்டேட்டே அன்றைய 1.5 ஜிபியைத் தின்றுவிடும். அந்த ஹாட்ஸ்பாட்டுக்கு மட்டும்தான் இது பொருந்தும். வேறு வைஃபையில் அப்டேட் வழக்கம்போல் வரும்.

படி 3: ஆன்ட்டிவைரஸ் ட்ரையல்

பெரும்பாலும் மெக்காஃபி இருக்கும். காலம் முடிந்ததும் ‘புதுப்பியுங்கள்’ என்ற பெட்டி அடிக்கடி எழும். காசு கட்டும் எண்ணம் இல்லையென்றால் இப்போதே நீக்கலாம்.

விண்டோஸ் கீயும் ஐ-யும் சேர்த்து அழுத்தினால் செட்டிங்ஸ் திறக்கும். ‘ஆப்ஸ்’, ‘இன்ஸ்டால்டு ஆப்ஸ்’ போய், பெயருக்கு எதிரே உள்ள மூன்று புள்ளியில் ‘அன்இன்ஸ்டால்’ கொடுங்கள். பிறகு வரும் ஜன்னல்களை நிதானமாகப் படியுங்கள். பளிச்சென்ற பெரிய பட்டன் ‘வைத்துக்கொள்’ என்பதாகவும், ‘நீக்கு’ ஓரத்தில் சின்ன எழுத்திலும் இருக்கலாம். முடிந்ததும் கட்டாயம் ரீஸ்டார்ட்.

வேறு ஆன்ட்டிவைரஸ் இருக்கும்வரை விண்டோஸின் டிஃபெண்டர் ஒதுங்கியிருக்கும், அது போனதும் தானே வேலைக்கு வரும். ‘விண்டோஸ் செக்யூரிட்டி’யைத் திறந்தால் ‘வைரஸ் & த்ரெட் ப்ரொட்டெக்‌ஷன்’ பக்கத்தில் பச்சை டிக் தெரிய வேண்டும். இன்னும் பழைய பெயரே நிற்கிறதென்றால் மிச்சம் ஒட்டியிருக்கிறது. மெக்காஃபி தளத்திலேயே கிடைக்கும் ‘எம்சிபிஆர்’ என்ற நீக்கும் கருவியை ஓட்டி, மறுபடி ரீஸ்டார்ட் செய்யுங்கள். ‘கிளீனர்’ என்று விளம்பரம் வரும் எதையும் இதற்காக இறக்காதீர்கள். ஒரு குப்பையைக் கூட்ட இன்னொரு குப்பை எதற்கு?

படி 4: மற்றவை

விளையாட்டுகள், வின்ஜிப், விபிஎன் ட்ரையல், ஷாப்பிங் ஷார்ட்கட் எல்லாம் தாராளமாகப் போகட்டும். ஸ்டார்ட் மெனுவில் தெரியும் சில ஐகான்கள் வெறும் பொம்மை, தொட்டால்தான் இறங்கும். ரைட் கிளிக் செய்து எடுத்துவிடுங்கள்.

ரியல்டெக், இன்டெல், ஏஎம்டி, டால்பி என்ற பெயர்களில் கை வைக்க வேண்டாம். சவுண்டும் டிஸ்ப்ளேயும் அவற்றை நம்பியிருக்கின்றன. லெனோவோ வான்டேஜ், மைஏசுஸ், டெல் சப்போர்ட்அசிஸ்ட் போன்றவையும் இருக்கட்டும். லேப்டாப்பை முதலில் இயக்கிவைக்கும் அடிப்படை மென்பொருளான பயாஸின் அப்டேட் அவற்றின் வழியே வரும். பல மாடல்களில் பேட்டரி சார்ஜை 80% அளவில் நிறுத்தும் வசதி லெனோவோ, ஏசுஸ் ஆப்களில்தான் இருக்கிறது. எந்நேரமும் சார்ஜர் மாட்டியே வைத்திருப்பவர்களுக்கு அது உதவும்.

கடைசியாக கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி டாஸ்க் மேனேஜரில் ‘ஸ்டார்ட்அப் ஆப்ஸ்’ பாருங்கள். அங்கே ‘டிசேபிள்’ செய்தால் ஆப் அழியாது, தானாகக் கிளம்பாது, அவ்வளவே.

ட்ரையலுக்காக ஏற்கெனவே யுபிஐ கொடுத்திருந்தால்?

ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. அந்த ஆப்பில் உள்ள உங்கள் கணக்கில் ஆட்டோ ரென்யூவலை நிறுத்துங்கள், பிறகு போனில் உங்கள் யுபிஐ ஆப்பின் ‘ஆட்டோபே’ பகுதியில் அந்த அனுமதியையும் ரத்து செய்யுங்கள்.

விண்டோஸை மறுபடி புதிதாக ஏற்றும் ‘ரீசெட் திஸ் பிசி’ போட்டால் எல்லாம் ஒரேயடியாகப் போகுமே என்று தோன்றலாம். அதில் ‘லோக்கல்’ தேர்ந்தால் கம்பெனி ஏற்றிய ஆப்கள் திரும்பி வர வாய்ப்புண்டு. ‘க்ளவுட் டவுன்லோட்’ 4 ஜிபிக்கு மேல் கேட்கும். ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில், சார்ஜரை மாட்டிவிட்டு அதை ஆரம்பியுங்கள்.