பழைய கீசருக்குப் பதில் புதியது: எங்கே வாங்குவது?

பாத்ரூம் சுவரில் ஈரம் இறங்கியதைப் பார்த்ததும் புது கீசர் விலை தேட வேண்டாம். முதலில் மீட்டர் போர்டில் கீசருக்கான எம்சிபி ஸ்விட்சை இறக்கிவிட்டு, டார்ச் அடித்துத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பச்சைத் தண்ணீர் குழாயில் இருக்கும் சேஃப்டி வால்விலிருந்து, சூடாகும் நேரத்தில் மட்டும் நாலைந்து சொட்டு விழுந்தால் அது கோளாறே இல்லை. சூட்டில் பெருகும் தண்ணீரின் அழுத்தத்தை வால்வு வெளியே விடுகிறது. நாள் முழுக்க சொட்டினால் வால்வை மட்டும் மாற்றலாம். அடிமூடியைக் கழற்றி, தண்ணீரைச் சூடாக்கும் காயில் பொருத்தியிருக்கும் வட்டத் தகட்டின் ஓரத்தில் கசிவு தெரிந்தால், கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையமான கேஸ்கெட் போயிருக்கிறது. ஸ்விட்ச் போட்டதும் ஆர்சிசிபி (மின்கசிவு இருந்தால் கரண்டைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) விழுந்தால் பெரும்பாலும் காயிலில் எர்த் ஆகியிருக்கும், அதாவது கரண்ட் கசிகிறது. இதெல்லாம் ரிப்பேரோடு முடிகிற வேலை.

துருநிறத் தண்ணீர் கீசர் உடம்பின் அடிப்பக்கமிருந்து வடிந்தால் டேங்க் அரித்துவிட்டது. வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அந்தச் சூட்டில் உள்ளே இருக்கும் எனாமல் பூச்சு உதிர்ந்து, ஓட்டை பக்கத்தில் இன்னொரு இடத்தில் விழும். இந்த நிலையில்தான் புதியது வாங்க வேண்டும்.

கடைக்குக் கிளம்பும் முன் சில விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய கீசரின் பெயர்ப்பலகையை போனில் படம் எடுங்கள். லிட்டர், வாட்ஸ், பார் அளவு (டேங்க் தாங்கும் தண்ணீர் அழுத்தம்) எல்லாம் அதில் இருக்கும். சுவர் கொக்கிகளுக்கு இடையே உள்ள தூரம், கீழே இரண்டு குழாய் முனைகளுக்கு நடுவே உள்ள தூரம், மேல் சீலிங் வரை உள்ள இடைவெளி ஆகியவற்றை டேப் வைத்து அளந்து எழுதுங்கள். படுக்கைவாட்டில் மாட்டும் வகை என்றால் குழாய் இடப்பக்கமா வலப்பக்கமா என்பதும் முக்கியம். இந்த அளவுகள் ஒத்துவந்தால் டைல்ஸில் புதிதாக ஓட்டை போட வேண்டியதில்லை. அதே கம்பெனியின் இப்போதைய மாடலில் கொக்கி தூரம் மாறியிருக்கலாம், ஆகவே பெயரை நம்பாமல் அளவைப் பாருங்கள்.

அடுத்து அழுத்தம். மாடித் தொட்டியின் நீர்மட்டம் கீசரைவிட 10 மீட்டர் உயரத்தில் இருந்தால் சுமார் 1 பார் அழுத்தம் வரும். தனி வீட்டுக்கு 6.5 பார் டேங்க் தாராளம். பல மாடி அடுக்ககத்தின் கீழ்த்தளம், அல்லது பிரஷர் பம்ப் வைத்த வீடு என்றால் 8 பார் எடுங்கள். 2000 வாட்ஸ் காயில் ஏறக்குறைய 9 ஆம்பியர் இழுக்கும். அதற்கு 16 ஆம்பியர் பிளக்கும் 2.5 சதுர மி.மீ. ஒயரும் நல்ல எர்த்தும் வேண்டும். சின்ன 3 லிட்டர் இன்ஸ்டன்ட் வகைக்கு மாறினால் 3000 வாட்ஸ், 13 ஆம்பியர். பழைய ஒயரிங் அதைத் தாங்குமா என்று எலக்ட்ரீஷியனிடம் கேட்டுவிட்டு மாறுங்கள்.

எங்கே வாங்குவது என்பதை உங்கள் வீட்டுத் தண்ணீர்தான் பாதி தீர்மானிக்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரம் போன்ற இடங்களில் உப்பேறிய போர் தண்ணீர் வரும் வீடுகளுக்கு, சும்மா ஸ்டீல் டேங்க் வேண்டாம். குளோரைடு அதில் ஊசித் துளை போடும். எனாமல் பூசிய டேங்க்கும் உள்ளே மக்னீசிய ஆனோடு ராடும் இருப்பதை எடுங்கள். டேங்க்கை அரிக்க வேண்டிய தண்ணீர் அந்த ராடை முதலில் தின்னும். விரல் பருமன் இருந்த ராடு, நடுக்கம்பி மட்டும் மிஞ்சி, மேலே வெள்ளைச் சுண்ணாம்பு அப்பிக்கொண்டு வெளியே வரும். அதன்பின் தின்பதற்கு டேங்க்தான் பாக்கி. இப்படிப்பட்ட வீட்டில் ஆண்டுக்கு ஒருமுறை ராடைக் கழற்றிப் பார்க்க ஆள் வர வேண்டும். அந்த ஆள் எங்கிருந்து வருவார் என்பதே வாங்கும் இடத்தை முடிவு செய்ய வேண்டிய கேள்வி. விலை அதற்கு அடுத்ததுதான்.

அதனால் மாடலைத் தேர்ந்தெடுத்ததும், பணம் கொடுப்பதற்கு முன், அந்தக் கம்பெனியின் கட்டணமில்லா எண்ணுக்கு போன் செய்யுங்கள். உங்கள் பின்கோடைச் சொல்லி மூன்று விஷயம் கேளுங்கள்: சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருக்கிறது, புகார் கொடுத்தால் எத்தனை நாளில் வருவார்கள், இந்த மாடலுக்கு ஆனோடு ராடு கையிருப்பில் இருக்கிறதா, விலை என்ன. ராக்கோல்ட், ஏ.ஓ. ஸ்மித், வி-கார்ட், வீனஸ், க்ராம்ப்டன் என்று எதுவானாலும், ஒரே பிராண்டின் சர்வீஸ் ஒரு ஊரில் நன்றாகவும் அடுத்த ஊரில் மோசமாகவும் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது உங்கள் தெருவுக்குப் பொருந்தும். சொந்த ஊர் மாமா சொல்வது பொருந்தாமல் போகலாம்.

வீட்டில் பெரியவர்களோ கைக்குழந்தையோ இருந்து இன்றைக்கே மாட்ட வேண்டும் என்றால், உங்கள் ஏரியா எலக்ட்ரிகல் கடைதான் சரி. நூறு இருநூறு கூட இருக்கும். ஆனால் கடைக்காரருக்குத் தெரிந்த பிளம்பர் மதியத்துக்குள் வந்துவிடுவார், ஏதாவது என்றால் போய் நின்று கேட்கலாம். அங்கே ஒரு எச்சரிக்கை: பெட்டியில் அச்சடித்த தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். சின்னக் கடையில் இரண்டு வருடம் பரணில் கிடந்த சரக்கும் கைக்கு வரும். பில் போட்ட நாளிலிருந்து வாரண்டி என்றாலும், ரப்பர் கேஸ்கெட் அதற்குள் காய்ந்திருக்கும்.

பெரிய ஷோரூமின் பலம் பேரம், சொந்த வண்டி, எக்ஸ்சேஞ்ச். கீசர் அதிகம் விற்பது மழைக்காலத்திலிருந்து மார்கழி வரை. காத்திருக்க முடிந்தால் ஆடித் தள்ளுபடியில் பேசிப் பாருங்கள். விற்பனையாளர் 5 ஸ்டார்தான் வேண்டும் என்று வற்புறுத்துவார். ஸ்டோரேஜ் கீசரில் ஸ்டார் அளப்பது, சூடான தண்ணீர் சும்மா இருக்கும்போது இழக்கும் வெப்பத்தைத்தான். குளிக்க அரை மணி முன் போட்டு, குளித்ததும் அணைக்கிற வீட்டுக்கு 4க்கும் 5க்கும் பெரிய வித்தியாசம் வராது. பகலெல்லாம் ஆனில் வைக்கிறவர்கள் 5 வாங்கட்டும்.

எக்ஸ்சேஞ்சில் பழையதைக் கொடுக்கும் முன் உள்டேங்க்கைக் கொஞ்சம் சுரண்டிப் பாருங்கள். பழைய கீசர்கள் பலவற்றில் செம்பு டேங்க் இருந்தது. செக்கச்செவேல் என்று தெரிந்தால், கடை கழிக்கும் தொகையைவிட பழைய இரும்புக் கடையில் எடைக்கு அதிகம் கிடைக்கும்.

ஆன்லைனில் விலை குறைவாகத் தெரியும், ஆனால் முழுக் கணக்கு போடுங்கள். உதாரணமாக ஆன்லைனில் 7,200, கடையில் 8,000 என்று வைத்துக்கொள்வோம். இணைப்புக் குழாய் இரண்டு, பெட்டியில் இல்லையென்றால் சேஃப்டி வால்வ், ஆங்கர் போல்ட், பழையதைக் கழற்றும் கூலி, பொருத்தும் கூலி எல்லாம் சேர்ந்தால் அந்த 800 ரூபாய் வித்தியாசம் கரைந்துவிடும். கடைக்காரர் இதில் பாதியைச் சும்மாவே கொடுப்பார், கேட்டால். மாடல் எண்ணையும் கடைசி எழுத்து வரை ஒப்பிடுங்கள். ஒரே பெயரில் வரும் இரண்டு மாடல்களுக்கு டேங்க் வாரண்டி வேறாக இருக்கலாம்.

எனாமல் டேங்க்கைக் கூரியரில் வரவழைப்பதில் இன்னொரு ஆபத்து உண்டு. எனாமல் கண்ணாடி போன்றது. பெட்டி உயரத்திலிருந்து விழுந்தால் வெளியே சின்ன நசுங்கல்தான் தெரியும். உள்ளே பூச்சில் விரிசல் விழுந்து, மாதக்கணக்கில் துரு தின்று, பிறகு ஒழுகும். அப்போது யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். டெலிவரி ஆள் நிற்கும்போதே பிரியுங்கள், பிரிப்பதை வீடியோ எடுங்கள். நசுங்கல் இருந்தாலோ, மெல்லச் சாய்த்தால் உள்ளே கலகலவென்று சில்லு உருளும் சத்தம் கேட்டாலோ வாங்காமல் திருப்பி அனுப்புங்கள். சுவரில் மாட்டிவிட்டால் ஆன்லைனில் விற்றவர்கள் பெரும்பாலும் கம்பெனியைப் பாருங்கள் என்பார்கள்.

எங்கே வாங்கினாலும் ஜிஎஸ்டி எண்ணும் சீரியல் எண்ணும் எழுதிய பில் வேண்டும். பில் வேண்டாம் என்றால் வரியைக் கழிக்கிறேன் என்பவரிடம் வாங்கினால், அன்றோடு வாரண்டி போயிற்று. கீசரில் ஐஎஸ்ஐ முத்திரையின் கீழ் சிஎம்/எல் என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். அதை, அந்த முத்திரையைத் தரும் அரசு அமைப்பின் பிஐஎஸ் கேர் செயலியில் போட்டால் கம்பெனி பெயர் வரும். பெயர் பொருந்தாவிட்டால் சரக்கை வாங்காதீர்கள். வாரண்டி கார்டில் எத்தனை வருடம் என்பதோடு, எதற்கு என்பதையும் படியுங்கள். டேங்க்குக்கு நீண்ட காலம் எழுதியிருக்கும், காயிலுக்குக் குறைவு, ஆனோடு ராடுக்குப் பெரும்பாலும் கிடையாது. தண்ணீர் கடினத்தன்மைக்கு வரம்பு போட்டிருந்தால், உங்கள் போர் தண்ணீர் அதற்குள் வருகிறதா என்று சோதித்துவிட்டு வாங்குங்கள்.

பொருத்த வந்தவரிடம் பழைய சேஃப்டி வால்வைத் திரும்பப் போடச் சொல்லாதீர்கள். வெந்நீர்க் குழாய், சூட்டைத் தாங்கும் பிளாஸ்டிக்கான சிபிவிசியாக இருக்கட்டும். கரண்ட் போடும் முன் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று முழுக்க வெளியேறி, தண்ணீர் விடாமல் ஒழுகும் வரை காத்திருங்கள். காலி டேங்க்கில் ஸ்விட்ச் போட்டால் காயில் அப்போதே எரியும், வாரண்டியும் கிடைக்காது. 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 60க்கு ஏற 2000 வாட்ஸில் சுமார் 18 நிமிடம் ஆகும், 25 லிட்டருக்கு அரை மணி. இதைவிட ரொம்ப நேரமானால் வந்தவர் கிளம்பும் முன்பே காட்டுங்கள். மறுநாள் காலை இணைப்புகளின் கீழ் ஒரு டிஷ்யூ பேப்பரை ஒற்றிப் பாருங்கள். நனைந்தால் அன்றே கடைக்கும் கம்பெனிக்கும் புகார் எண்ணோடு தெரிவியுங்கள். தட்டிக்கழித்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.